கரையோரக் காட்டிலும் அருகிலுள்ள தீவிலும் கூடாரம்: எங்கே அடிப்பது, எதைக் கொண்டுபோவது?

புன்னைநிழல்:

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் நால்வரும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவருமாக நாங்கள் ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டு வருகிறோம். முதல் இரண்டு இரவுகள் கடலை ஒட்டிய காட்டிலும், அடுத்த இரண்டு இரவுகள் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் உள்ள ஆளில்லாத தீவு ஒன்றிலும் தங்குவதாக எண்ணம். இரண்டு இடங்களிலும் தங்குவதற்கு முறையான அனுமதி வாங்கியாகிவிட்டது. தீவுக்குக் கயாக் எனும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் செல்வோம். பெரியவர்கள் நால்வருக்கும் துடுப்புப் பழக்கம் உண்டு. மலைக்காடுகளில் கூடாரத்தில் தங்கியிருக்கிறோம் என்றாலும் கடலோரம் எங்களுக்குப் புதிது. கூடாரம் புதிதாக வாங்க வேண்டியிருப்பதால், கடற்காற்றையும் மணலையும் தாங்கக்கூடிய வகை எது என்பதுதான் என் முதல் கேள்வி. கடற்கரை மணலில் அடிப்பது நல்லதா, மரங்களுக்குள் அடிப்பது நல்லதா என்பது இரண்டாவது. தீவில் கிணறோ ஓடையோ கிடையாது. தண்ணீரை எவ்வளவு கொண்டுபோவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கலங்கரை:

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இடம் சரியாக அமைந்துவிட்டால் சாதாரணக் கூடாரமே போதும்; இடம் தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த கூடாரமும் உதவாது.

கரையில் இறங்கியதும் மூட்டைகளை அவிழ்க்காமல், மணலை நிதானமாகப் பாருங்கள். கடற்பாசியும் சிப்பியும் குச்சிகளும் கோடுபோல ஒதுங்கிக் கிடக்கும். அப்படி ஒரே ஒரு கோடு மட்டும் இருப்பது அரிது. கீழே ஈரமாக, பச்சை வாடையோடு கிடப்பது சில மணி நேரத்துக்கு முன் வந்த நீர் விட்டுச் சென்றது. அதற்கு மேலே, வெயிலில் கறுத்து, தொட்டால் நொறுங்கும் பாசியோடு இன்னொரு கோடு இருக்கும். அதற்கும் மேலே வெளுத்த மரத்துண்டுகளும் நெகிழிப் போத்தல்களும் கிடந்தால், அது புயலோ பெருங்காற்றோ அடித்த நாளில் கடல் வந்து தொட்ட எல்லை. பலர் முதல் கோட்டைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் எங்கும் அடிக்கலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டியது கடைசிக் கோட்டைத்தான். வெப்பமண்டலக் கரைகளில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும் இடத்துக்கும் மேலே, புதர்கள் வேர்விட்டு நிற்கும் இடத்திலிருந்துதான் உறுதியான நிலம் தொடங்குகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். அதன் உச்சம் பெரும்பாலும் அந்த நாளுக்கு ஓரிரு நாள் கழித்தே வரும். அரைநிலா நாட்களில் ஏற்ற வேறுபாடு குறைவு. உங்கள் பயண நாட்கள் இவற்றில் எதை ஒட்டி வருகின்றன என்பதைப் பஞ்சாங்கத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஏற்ற அட்டவணையில் எழுதியிருக்கும் உயரம் வானிலையைக் கணக்கில் எடுப்பதில்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கரை நோக்கி வீசும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மேலே வரும்.

இனி மரங்களுக்குள் அடிப்பதைப் பற்றி. கரையோர மரங்கள் மணலில் ஆழமாக வேரூன்றாமல் பக்கவாட்டில் பரவி நிற்பவை. பெருங்காற்றில் வேரோடு சாய்வதும் உண்டு. பட்ட மரம், முறிந்து தொங்கும் கிளை, ஒருபக்கம் மண் அரித்த அடிமரம் ஆகியவற்றின் கீழே எக்காரணம் கொண்டும் படுக்கக் கூடாது. அத்தகைய மரத்தின் உயரம் எவ்வளவோ அதைவிடக் கூடுதலான தூரம் தள்ளிப் போங்கள். தென்னை மரத்தடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மணல்வரி:

கலங்கரை ஐயா சொன்னதை ஒட்டியே கூடாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். காற்றின் வேகம் இருமடங்கானால் கூடாரத்தின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே உயரமான, நேர்ச்சுவர் கொண்ட குடும்பக் கூடாரங்களைத் தவிர்த்து, தாழ்வான, கம்பிகள் குறுக்கே வெட்டிச் செல்லும் குவிமாட வகையைத் தேர்ந்தெடுங்கள். அது முளை இல்லாமலும் நிற்கும் என்பதால், இடத்தை மாற்ற நேர்ந்தால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். ஆனால் தானாக நிற்கும் கூடாரத்தை முளை அடிக்காமல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது அது கடலில் மிதந்துகொண்டிருக்கும்.

மலைக்குக் கொண்டுபோன மெல்லிய கம்பி முளைகள் மணலில் பயன்படா. அகலமான மணல் முளைகள் கிடைக்கும். அவை இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, நடுவில் இழுகயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைப் போட்டுக் காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். பைக்குப் பதிலாகத் தடித்த மரக்கிளையையும் கயிற்றுக்குக் குறுக்காகக் கிடத்திப் புதைக்கலாம். உலர்ந்த மணலைவிட ஈரமணல் நன்றாகப் பிடிக்கும் என்பதால், மிதிப்பதற்கு முன் ஒரு வாளி கடல்நீரை ஊற்றினால் பிடிப்பு கூடும். சரியாகப் புதைத்த பை எளிதில் மேலே வராது.

கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்த்திருக்கட்டும். வாசல் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அங்குள்ள மரங்களே காட்டும்: கடலைப் பார்த்த பக்கத்தில் கிளைகள் உப்பில் கருகிக் குட்டையாகவும், மறுபக்கத்தில் நீண்டு சாய்ந்தும் இருக்கும். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, வானம் தெளிந்த இரவுகளில் திசை மாறி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசக்கூடும். எனவே ஒரு பக்கக் கயிறுகளை மட்டும் கட்டிவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

நைலான் துணியைவிடப் பாலியஸ்டர் துணி வெயிலின் புற ஊதாக் கதிரை நன்றாகத் தாங்கும். ஈரத்தில் தொய்வதும் குறைவு. நிழலில்லாத தீவுக்கு இது முக்கியம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், உப்புப் படிந்த கூடாரம் வெயிலில் காய்ந்தபின்பும் மாலையில் மீண்டும் நசநசக்கும். ஊர் திரும்பியதும் நன்னீரில் அலசுங்கள். குறிப்பாக ஜிப்பின் ஓடுபகுதியையும், அலுமினியக் கம்பிகளின் பொருத்துவாய்களையும் கழுவாமல் மடித்து வைத்தால் அவை அடுத்த பயணத்துக்குள் இறுகிப்போகும்.

உப்புக்காற்று:

நல்ல விளக்கங்கள். ஆனால் மரங்களுக்குள்தான் அடிக்க வேண்டும் என்பது போன்ற தொனியில் எனக்கு உடன்பாடு இல்லை. காட்டுக்குள் காற்று நின்றுவிடும். அந்தி சாய்ந்ததும் கொசு மொய்க்கும். கொசுவைவிட மோசமானவை கரையோரச் சதுப்பிலும் ஈரமணலிலும் பெருகும் கடிபூச்சிகள். சாதாரண கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்து வரும் அளவுக்கு அவை சிறியவை. ஆனால் அவற்றால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. சற்றே காற்று வீசும் மேட்டில் கூடாரம் அடித்தால் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். ஏற்றக்கோட்டுக்கு மேலே, மணல் முடிந்து மரங்கள் தொடங்கும் விளிம்புதான் என் தேர்வு. பின்னால் மரங்கள், முன்னால் காற்று. இரவில் அங்கேயே சிறிதாகத் தீ மூட்டிக்கொண்டால் பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி, பூச்சிகளும் விலகும்.

தாழம்புதர்:

விளிம்பில் அடிப்பதில் எனக்கும் மறுப்பில்லை. மணல்மேட்டின் முகட்டில் மட்டும் வேண்டாம். மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் மேலுள்ள செடிகொடிகளின் வேர்கள். நான்கு பேர் இரண்டு நாட்கள் நடந்து அவை மடிந்தால் அந்த இடத்தில் காற்று மணலை வாரிக்கொண்டு போகத் தொடங்கும். முன்பே நடந்து தேய்ந்த வழியிலும், வெறும் மணலிலுமே புழங்குங்கள்.

தீயைப் பற்றி மட்டும் உப்புக்காற்று அவர்களோடு மாறுபடுகிறேன். கடல்நீரில் ஊறிக் கரையொதுங்கிய மரத்தில் உப்பு ஏறியிருக்கும். அதை எரிக்கும்போது டையாக்சின் போன்ற நச்சுச் சேர்மங்கள் உண்டாகின்றன. அந்தப் புகையில் பிள்ளைகளை உட்கார வைப்பதும், அதில் உணவைச் சுடுவதும் சரியல்ல. இரண்டாவது காரணம் இன்னும் கண்கூடானது. பலர் தீயை மணலைப் போட்டு மூடிவிட்டு அணைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். மணல் வெப்பத்தைத் தடுத்து வைப்பதால், மேலே குளிர்ந்து தெரியும் இடத்துக்கு அடியில் கங்கு பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதன் மேல்தான் மிதிக்கும். காட்டு விளிம்பிலோ உலர்ந்த இலைச் சருகும் வேர்களும் இருப்பதால், தீ நிலத்தடியில் ஊர்ந்து வேறிடத்தில் கிளம்புவதும் நடக்கும். உங்கள் ஆறு பேருக்கும் சமையலுக்கு ஓர் எரிவாயு அடுப்பும், காற்றுத் தடுப்பு ஒன்றும் போதும்.

உப்புக்காற்று:

கங்குகளைப் பற்றிச் சொன்னது சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அனுமதி உள்ள இடத்தில், ஏற்றக்கோட்டுக்குக் கீழே ஈரமணலில், கைத்தடி அளவுள்ள உலர்ந்த விறகில் சிறு தீ மூட்டி, அது சாம்பலாகும் வரை எரியவிட்டு, பிறகு மணலைப் போடாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்தால் தீங்கில்லை என்றே கருதுகிறேன். சுற்றிலும் கற்களை மட்டும் அடுக்க வேண்டாம். நீரில் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும்.

தாழம்புதர்:

அவ்வளவு கவனமாகச் செய்பவர் செய்யட்டும். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் அதுவும் கூடாது. தீவில் அறவே வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே தீ பரவினால் உதவிக்கு வர யாரும் இல்லை, விலகிப் போகவும் இடமில்லை. இன்னொன்று: மழை பெய்தாலும், குளிர்ந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றக் கூடாது. அடுப்பு எரியும்போது வெளிவரக்கூடிய, உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மரங்களைப் பற்றி விடுபட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலையாத்திக் காடுகளில் தில்லை மரம் இருக்கலாம். கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலில் கொப்புளத்தை உண்டாக்கும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கரீபியக் கரைகளிலுள்ள மான்சினீல் மரம் இதைவிடக் கொடியது. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலே சொட்டும் நீர் தோலைப் புண்ணாக்கும். அடையாளம் தெரியாத மரத்தின் குச்சியை ஒடித்துக் கறி சுடவோ, கூடாரத்துக்கு முளையாகச் சீவவோ கூடாது.

புன்னைநிழல்:

அனைவருக்கும் நன்றி. தீயை விட்டுவிட்டோம், இரண்டு தாழ்வான குவிமாடக் கூடாரங்கள் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். தீவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. தூரம் குறைவாகத்தான் தெரிகிறது. காலையில் எழுந்து சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து, பதினொரு மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம் அல்லவா?

துடுப்பாளர்:

அந்த நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் கடற்காற்று எழும்பும். முற்பகல் கடைசியில் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்தை அடையும். நீங்கள் சொல்லும் நேரத்தில் புறப்பட்டால் சுமையேற்றிய கயாக்கில், எதிர்க்காற்றில், பிள்ளைகளோடு நடுக்கடலில் இருப்பீர்கள். விடிந்ததும் கிளம்புவதே முறை. முந்தின நாளே மூட்டைகளைக் கட்டி வைத்துவிட்டால் காலையில் கூடாரத்தை மட்டும் மடித்தால் போதும்.

காற்றைப் போலவே நீரோட்டமும் முக்கியம். கரைக்கும் தீவுக்கும் இடையிலான ஒடுங்கிய நீர்வழியில், ஏற்றமும் வற்றமும் ஆற்றைப் போல ஓடும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடங்கள். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பின்னுக்குப் போகும். இன்று வசதியாக இருந்த நேரம் நீங்கள் திரும்பி வரும் நாளில் வசதியாக இருக்காது. ஆறு மணி நேரத்தில் ஏறும் நீரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், ஐந்தாவதில் இரண்டும், ஆறாவதில் ஒன்றும் ஏறும் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதி நீர் நகர்கிறது. ஓட்டமும் அப்போதுதான் பெரும்பாலும் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துக் கடந்து செல்லுங்கள். காற்று ஒருபுறமும் நீரோட்டம் அதற்கு எதிர்ப்புறமும் போனால், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். கயாக் கவிழ்வது பெரும்பாலும் அத்தகைய நீரில்தான்.

இந்தக் கணக்குகளின் அளவு இடத்துக்கு இடம் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு அரை மீட்டருக்கும் குறைவு. கனடாவின் பண்டி வளைகுடாவில் அது 16 மீட்டர் வரை போகிறது. எனவே உங்கள் கரைக்கான அட்டவணையை மட்டுமே பாருங்கள்.

எல்லோருக்கும் மிதவைச் சட்டை உடலில் இருக்க வேண்டும், மூட்டையில் அல்ல. கரையில் ஒருவரிடம், எப்போது புறப்படுகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். கைப்பேசி தொடர்பை நம்பக் கூடாது. அந்தப் பகுதி விதிகளின்படி வைத்துக்கொள்ள முடியுமானால், படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நீர்புகாத வி.எச்.எஃப் வானொலி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; அவசர அழைப்புக்கு உலகெங்கும் 16ஆம் அலைவரிசைதான். 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் தனிநபர் அவசரக் கருவி அதைவிட உறுதியானது.

கலங்கரை:

தண்ணீர்க் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள். தீவில் இரண்டு இரவுகள் என்றாலும், காற்று நிற்காமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரலாம். ஆகவே ஆறு பேருக்கு மூன்று முழு நாட்களுக்கு 72 லிட்டர். எடை 72 கிலோவுக்கு மேல். கயாக்குகளில் இது ஏறுமா என்பதைக் கரையிலேயே ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஒரே பெரிய கலனில் கொண்டுபோகாமல், பத்து லிட்டருக்குக் குறைந்த பல கலன்களாகப் பிரித்து, கயாக்கின் நடுப்பகுதியில், அடித்தளத்தோடு ஒட்டி வையுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியாக ஒரு கோப்பை நன்னீரில் அலசிக்கொள்ளலாம்.

சில தீவுகளில் மணலைத் தோண்டினால் நன்னீர் ஊறும் என்பது உண்மைதான். மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கக்கூடும். ஆனால் சிறிய, தட்டையான மணல்தீவில் அந்த மட்டம் சில சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒரு வறட்சியிலேயே உவர்த்துவிடும். அதை நம்பிப் பயணம் போக முடியாது. கடல்நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற உடல் அதைவிட அதிகமான நீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

தாழம்புதர்:

தீவில் எங்கே அடிப்பது என்பதைக் கடலும் காற்றும் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆளில்லாத தீவின் கரைமணல்தான் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் முட்டையிடும் இடம். கூடு என்று எதுவும் இருக்காது. மணலில் ஒரு சிறு குழிவு, அதில் கூழாங்கல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேல் பறவைகள் கத்திக்கொண்டே வட்டமிட்டாலோ, ஒரு பறவை சிறகு ஒடிந்ததுபோல் நடித்து உங்களை வேறு திசைக்கு இழுத்தாலோ, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி அந்த இடத்தை விட்டு அகலுங்கள். தாய்ப்பறவை எழுந்த நேரத்தில் வெயில் முட்டையைக் கெடுத்துவிடும், அல்லது காகம் கொண்டுபோய்விடும். அனுமதி தருபவர்களிடம் இனப்பெருக்கக் காலத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் இரவில் வெள்ளை விளக்கு கூடவே கூடாது. குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். இயல்பாக அது கடல். கூடாரத்தில் விளக்கு எரிந்தால் அவை உங்கள் பக்கம் வந்துவிடும். தவிர்க்க முடியாத இடத்தில் மங்கலான சிவப்பு விளக்கைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். பிள்ளைகள் தோண்டிய குழிகளையும் மாலையில் மூடிவிட வேண்டும். அவற்றில் விழுந்த குஞ்சால் ஏற முடியாது.

புறப்படும் முன் கரையிலேயே எல்லா மூட்டைகளையும் உதறிப் பார்த்துக் கட்டுங்கள். எலி இல்லாத தீவில் ஒரு சினை எலி போய் இறங்கினால் அங்குள்ள கடற்பறவைகளின் கதி என்ன என்பதற்கு உலகில் எடுத்துக்காட்டுகள் ஏராளம். அதே காரணத்தால் விறகையும், மண் ஒட்டிய செருப்பையும் கொண்டுபோகாதீர்கள். காட்டில் மலம் கழிக்க 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி என்பது வழக்கம். சிறு தீவில் அந்தத் தூரமே கிடைக்காது என்பதால் மூடியுள்ள கலனில் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவருவதே சரி.

மணல்வரி:

ஒரு சிறு குறுக்கீடு. முதலைகள் வாழும் கரையாக இருந்தால் இதுவரை சொன்ன எதுவும் போதாது. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில், நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியும் உயர்ந்த நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலேயும்தான் கூடாரம் அடிக்கச் சொல்கிறார்கள். உணவு மிச்சத்தையும் மீன் கழிவையும் கூடாரத்தருகே போடக் கூடாது.

புன்னைநிழல்:

எங்கள் கரையில் முதலை கிடையாது. திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறோம்: காட்டில் மூன்று இரவுகள், தீவில் ஒன்று மட்டும். தண்ணீரைக் கூடுதல் ஒரு நாளுக்கும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். அரைநிலாவை ஒட்டிய நாட்களாகத் தேர்ந்தெடுத்து, காலை ஆறரை மணிக்குக் கடப்பதாக இருக்கிறோம். முன்னறிவிப்பில் காற்று பலமாக இருந்தால் தீவை விட்டுவிட்டுக் காட்டிலேயே இருந்துவிடுவோம். பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிட்டோம். கடைசியாக இரண்டு கேள்விகள். இடி மின்னல் வந்தால் மரங்களற்ற தீவில் என்ன செய்வது? இரவில் கயாக்குகளை எங்கே விடுவது?

துடுப்பாளர்:

இடிமழைக்குத் தீவில் நல்ல பதில் இல்லை. கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. அதனால்தான் முன்னறிவிப்பில் இடி என்று இருந்தாலே கடக்க வேண்டாம் என்கிறோம். எதிர்பாராமல் வந்துவிட்டால், நீரை விட்டும் மேட்டு முகட்டை விட்டும் தனி மரத்தை விட்டும் விலகி, தாழ்வான இடத்தில் ஒருவருக்கொருவர் தள்ளி இருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை தண்ணீரில் இறங்க வேண்டாம். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எதையும் எடுக்க நிற்காமல் தீவின் மிக உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

கயாக்குகளைக் கலங்கரை ஐயா சொன்ன கடைசிக் கோட்டுக்கும் மேலே தூக்கி வந்து, கவிழ்த்து வைத்து, முன்முனையையும் பின்முனையையும் தனித்தனியாக மரத்திலோ புதைத்த மணல்பையிலோ கட்டுங்கள். வெறுங்கயாக்கைக் காற்றே உருட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் ஒரு முனைக் கட்டு போதாது. துடுப்புகளும் மிதவைச் சட்டைகளும் கூடாரத்தின் முன்கூரைக்குள் இருக்கட்டும்.

உப்புக்காற்று:

மிச்ச மணல்பைகளை எடுத்துவர மறக்காதீர்கள். துணிப்பையானால் திரும்பும்போது குப்பை போடவும் ஆகும்.